அந்தமான் தீவுகளைக் குடும்பத்தோடு படகில் சுற்றிவர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்குக் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டையும் ஓட்டல் அறையையும் எடுத்து முடித்த பிறகுதான் படகைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குப் பிறகு எழும் சந்தேகங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். கட்டணமும் கால அட்டவணையும் அடிக்கடி மாறுபவை என்பதால் இங்கே கொடுக்கவில்லை.

1. ஹேவ்லாக்னு தேடினா ஸ்வராஜ் த்வீப்னு காட்டுது. போர்ட் பிளேரையே காணோம். ரெண்டும் ஒண்ணா?

ஒன்றுதான். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் த்வீப்’ ஆனது, நீல் ‘ஷஹீத் த்வீப்’ ஆனது, ராஸ் தீவு ‘நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு’ ஆனது. போர்ட் பிளேருக்கு ‘ஸ்ரீ விஜய புரம்’ என்ற பெயர் 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கும். ஆட்டோக்காரரும் படகுக்காரரும் பழைய பெயரைச் சொல்வார்கள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே பழைய பெயர்களையே வைத்திருக்கிறோம்.

2. நூத்துக்கணக்குல தீவு இருக்காமே, எல்லாத்துக்கும் போகலாமா?

சிறு திட்டு, பாறை எல்லாம் சேர்த்து அந்தமான் நிகோபாரில் 836 என்பது அரசுக் கணக்கு. மக்கள் வசிப்பவை முப்பதை ஒட்டித்தான் வரும். அந்தமானையும் நிகோபாரையும் பிரிக்கும் கடற்பகுதியான பத்துப் பாகை கால்வாய்க்குத் தெற்கே உள்ள நிகோபார் தீவுகளுக்குப் பொதுவாகச் சுற்றுலாவாகப் போக முடியாது. அவை பெரும்பாலும் பழங்குடி மக்களுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் எந்தப் படகும் நுழையக் கூடாது.

குடும்பத்தோடு போகத் தோதானவை மூன்று கூட்டம். போர்ட் பிளேரை ஒட்டிய ராஸ், நார்த் பே, ஜாலி பாய் ஆகியவை காலையில் போய் மாலையில் திரும்பக் கூடியவை. கிழக்கே ஹேவ்லாக்கும் நீலும் தங்கிப் பார்க்க வேண்டியவை. வடக்கே பாராதாங், லாங் ஐலேண்ட், ரங்கத், திக்லிப்பூர். முதல் முறை போகிறவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

3. அஞ்சு நாள் லீவு கிடைச்சிருக்கு. போதுமா?

ஹேவ்லாக், நீல் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் போதும். இரண்டும் வேண்டுமென்றால் ஏழு இரவு வேண்டும்: முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி இரண்டு மறுபடி போர்ட் பிளேர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்து ஒரே தீவுதான் முடியும் என்றால் நீலைத் தேர்ந்தெடுங்கள். சமதரையான சின்ன ஊர். எங்கே போகவும் ஆட்டோவில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கடைசி இரண்டு இரவைப் போர்ட் பிளேரில் வைப்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. காலையில் நீலிலிருந்து படகு, மதியம் சென்னைக்கு விமானம் என்று போட்டுத் தரும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று எழுந்தால் துறைமுகம் படகை விடாது. விமானம் உங்களுக்காக நிற்காது. 2016 டிசம்பர் தொடக்கத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் வந்துதான் மீட்டன. அவ்வளவு பெரிதாக எப்போதாவதுதான் நடக்கும். ஆனால் ஒருநாள் படகு ஓடாமல் போவது எந்தப் பருவத்திலும் நடக்கக்கூடியது.

4. மே மாசம் ஸ்கூல் லீவுல போகலாமா, இல்ல டிசம்பர் லீவா?

கடலுக்காக மட்டும் கேட்டால் பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிவு வரை. காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்து இருக்கும். மே மாதத்தின் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதன்பின் தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சின்னப் படகுச் சவாரிகள் அடிக்கடி நிற்கும்.

டிசம்பர் விடுமுறையில் போகலாம். கூட்டமும் இருக்கும், வடகிழக்குக் காற்றும் இருக்கும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் வடகிழக்கே இருக்கிறது. அதனால் அந்த மாதங்களில் போகும்போது படகு அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு குதித்துக் குதித்துப் போகும், திரும்பும்போது அலை பின்னாலிருந்து தள்ளும். ‘போகும்போது எல்லாருக்கும் வாந்தி, வரும்போது ஒன்றுமில்லை’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அக்டோபர், நவம்பரில் புயல் உருவாகும் வாய்ப்பு உண்டு. கடைசி இரவுகளைப் பற்றி மேலே சொன்னதை அந்த மாதங்களில் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

5. சென்னையிலிருந்து கப்பல்லயே போனா பசங்களுக்கு ஜாலியா இருக்குமே?

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் நல்ல அனுபவம்தான். சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் உண்டு. பங்க் வகுப்பு என்பது பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. குடும்பத்துக்குக் கதவு பூட்டும் கேபின்தான் சரி. உணவு கேன்டீனில் நேரத்துக்குத்தான் கிடைக்கும்; பிஸ்கட், பழம், புளிசாதம் போல ஏதாவது முதல் நாளுக்குக் கையில் இருக்கட்டும்.

சிக்கல் தேதியில் இருக்கிறது. கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில புறப்பாடுகள்தான், அதுவும் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதனால் கப்பல் ஆசை உள்ளவர்கள் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கப்பல் தாமதமானாலும் தீவில் இறங்கிவிட்ட பிறகு ஓட்டல் தேதியை மட்டும் நகர்த்தினால் போதும்.

6. கவர்மென்ட் படகு விலை ரொம்பக் கம்மியாமே? ஏன் எல்லாரும் பிரைவேட்ல போறாங்க?

இடம் கிடைப்பதுதான் காரணம். அரசுப் படகுகள் முதலில் தீவுவாசிகளின் பேருந்து. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் அதை நம்பியே இருக்கிறார்கள். டிக்கெட் விற்பனை பயணத்துக்குச் சில நாள் முன்னால்தான் திறக்கும். தனியார் அதிவேகப் படகில் வாரக்கணக்கில் முன்னதாகவே இருக்கை எண்ணோடு எடுத்துவிடலாம். போர்ட் பிளேர்–ஹேவ்லாக் தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை. ஹேவ்லாக்–நீல் ஒரு மணி நேரத்துக்குள்.

வசதியில் எது மேல் என்பது வயிற்றைப் பொறுத்தது. தனியார் கட்டமரான்களில் பெரும்பாலும் மூடிய குளிர்சாதன அறைக்குள் உட்கார வேண்டும். அரசுப் படகு மெதுவானது, ஆனால் மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். முதல் போக்குவரத்துக்குத் தனியார் படகை முன்பதிவு செய்துகொண்டு, ஹேவ்லாக்–நீல் போன்ற குறுகிய தூரத்துக்கு அரசுப் படகை முயல்வது நல்ல கலவை.

7. எந்த ஜெட்டிக்குப் போகணும்? எவ்வளவு நேரம் முன்னாடி?

போர்ட் பிளேரில் படகேறும் துறைகள் (ஜெட்டிகள்) மூன்று இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டி அரசுப் படகுகளுக்கு. ஹேடோ துறையில் சென்னைக் கப்பல்களும் பெரும்பாலான தனியார் படகுகளும். ராஸ், நார்த் பே சவாரிகள் அபர்தீனில் உள்ள ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்திலிருந்து. டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பெயரை ஓட்டுநரிடம் காட்டுங்கள். ‘ஜெட்டி’ என்று மட்டும் சொல்லித் தவறான இடத்தில் இறங்கிப் படகை விட்டவர்கள் நிறைய.

ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பெரியவர்களுக்கு அசல் அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு ஆதார் அல்லது பிறப்புச் சான்று. டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கத்தால் இங்கே தகராறு வரும். அட்டையில் இருப்பதுபோலவே பதிவு செய்யுங்கள். கைக்குழந்தைக்கும் பெயர் பதிய வேண்டும். பெட்டிகளைத் தனியே வாங்கி அடுக்கிவிடுவார்கள் என்பதால் மருந்து, தண்ணீர், மாற்றுத் துணி, ஒரு துண்டு இவை மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

8. என் பையனுக்கு பஸ்லயே வாந்தி வரும். படகுல என்ன பண்றது?

மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பதுதான் முக்கியம். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அது வயிற்றில் தங்காது. அவோமின் என்று கடைகளில் கிடைப்பது புரோமெத்தசின் வகை. பெரியவர்கள் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் 25 மில்லிகிராம் ஒன்று எடுத்துக்கொள்வது வழக்கம். தூக்கம் வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது கூடவே கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அளவு வயதையும் எடையையும் பொறுத்தது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ காய்ந்த ரொட்டியோ போதும். பால், பூரி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இருக்கை தேர்வு செய்ய முடிந்தால் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் எடுங்கள். படகின் மூக்கும் மேல்தளமும்தான் அதிகம் ஆடும். ‘முன்வரிசை, நல்ல காட்சி’ என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் இருக்கை பல நேரம் மோசமான இருக்கை.

படகு நகர்ந்ததும் செல்போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள். கண் அசையாததைப் பார்க்க, உள்காது ஆட்டத்தை உணர, இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது. தொலைவில் தெரியும் தீவையோ தொடுவானத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். அல்லது கண்ணை மூடிப் படுக்கட்டும். வாந்தி எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தண்ணீர் கொடுக்காமல் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கரை இறங்கிய பத்து இருபது நிமிடத்தில் சரியாகிவிடும்.

9. அம்மாவுக்கு எழுபது வயசு, மூட்டு வலி. ஏறி இறங்க முடியுமா?

பெரிய படகுகளில் முடியும். கைப்பிடி உள்ள பலகை போடுவார்கள், ஊழியர்கள் கைகொடுப்பார்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் படகு ஜெட்டியைவிடத் தாழ்ந்து நிற்பதால் பலகை செங்குத்தாகச் சரியும். அப்போது அவசரப்படாமல் கூட்டம் போனபின் கடைசியாக இறங்கச் செய்யுங்கள்.

கடினமானவை கடற்கரைச் சவாரிகள். ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க நேரிடும். ஜாலி பாயில் பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அவற்றைத் தவிர்த்து, வாகனம் கடற்கரை வரை போகும் ராதாநகர், காலாபத்தர் (இரண்டும் ஹேவ்லாக்), பரத்பூர் (நீல்) போன்ற இடங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

10. லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஃபார்மாலிட்டிதானே? வெயில்ல புழுங்குது.

இல்லை. 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையே ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம், பட்டப்பகல். ஆகவே சின்னப் படகில் ஏறும் முன் இரண்டைப் பாருங்கள்: படகில் எழுதியிருக்கும் பயணிகள் எண்ணிக்கை, உட்கார்ந்திருக்கும் தலைகளின் எண்ணிக்கை. கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். பணம் போனால் போகட்டும்.

பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பல்ல; தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவும். கொக்கிகளை எல்லாம் பூட்டிவிட்டு இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. பதினைந்து கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் பட்டை உள்ள ஜாக்கெட் வேண்டும், அது படகுகளில் கிடைப்பது அரிது. ஊரிலேயே ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நுரை அடைத்ததாக இருக்கட்டும். வாயுக் குப்பியால் ஊதிக்கொள்ளும் வகையை விமானத்தில் கொண்டுபோவது சிக்கல். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருள்கள், கணக்கில் சேராது.

11. எலிஃபண்ட் பீச், ராஸ், நார்த் பே எல்லாம் மதியம் சாப்பிட்டுட்டு போனா ஆகாதா?

காலையில் முதல் படகில் போங்கள். இந்திய நேரத்தைத்தான் இங்கேயும் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். சவாரிகள் அதற்கு வெகு முன்பே முடியும். மதியத்துக்கு மேல் காற்று எழுந்து கடல் சிலிர்க்கும், தண்ணீர் கலங்கும்.

எலிஃபண்ட் பீச்சுக்கு ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து படகில் இருபது நிமிடம். காட்டுவழியாக அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தும் போகலாம். மழை பெய்தால் அந்தப் பாதை சேறு, சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

12. ‘லோ டைடு, ஹை டைடு’ன்னு சொல்றாங்களே, அதை ஏன் பாக்கணும்?

நீலில் பாதி இடங்களை நேரம் பார்க்காமல் போனால் பார்க்கவே முடியாது. ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடல் ஏறும், அதே அளவு நேரம் வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை எட்டு மணிக்கு வற்றம் என்றால் நாளை எட்டே முக்கால், ஒன்பது மணிக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது. இடையில் அஷ்டமி நாட்களில் வித்தியாசம் குறைவு. நாள்காட்டியைப் பார்த்தே இதை ஊரிலிருந்து கணிக்கலாம்.

லட்சுமண்பூரில் உள்ள இயற்கைக் கல்பாலத்துக்கு வற்றத்தில்தான் போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் கடல் அட்டையும் நட்சத்திர மீனும் குட்டி மீன்களும் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தமானிலேயே மிகச் சிறந்த வகுப்பறை அதுதான். வற்றம் முடிய ஒரு மணி நேரம் முன்னால் போய், கடல் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பாறை வழுக்கும். பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். பரத்பூரில் நேர் எதிர்: ஏற்றத்தில்தான் அடியில் கண்ணாடி பதித்த படகு ஓடும், ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) நடக்கும். வற்றத்தில் பவளம் தண்ணீருக்கு மேல் தலை காட்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியும், ஓட்டல்காரரிடம் அன்றைய நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

13. நீச்சலே தெரியாது. ஸ்நார்க்கலிங் பண்ணலாமா? பொண்ணுக்கு எட்டு வயசு.

செய்யலாம். வழிகாட்டி ஒரு மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போவார். லைஃப் ஜாக்கெட் கழற்றக் கூடாது. ஒரு வழிகாட்டிக்கு ஒரு பிள்ளை என்று கேளுங்கள். நான்கு பேரைக் கோர்த்து இழுப்பவரிடம் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம்.

தண்ணீர் உள்ளே வந்து பிள்ளை பயப்படுவதற்கு முக்கால்வாசிக் காரணம் முகமூடி பொருந்தாததுதான். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு. தலைமுடி ஒரு இழை ஓரத்தில் சிக்கினாலும் கசியும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தேய்த்து அலசினால் போதும். முதல் நாள் ஓட்டல் வாளியிலேயே குழாயில் மூச்சுவிடப் பழக்கிவிடுங்கள். முதுகு கருகாமல் இருக்க முழுக்கை நீச்சல் சட்டை. களிம்பைவிட அது மேல், பவளத்துக்கும் கெடுதி இல்லை. கால் பவளத்தில் படக் கூடாது. பல வருடம் வளர்ந்த கிளை ஒரே மிதியில் போய்விடும்.

14. ஸ்கூபா கடைசி நாள் வெச்சுக்கலாமா?

வேண்டாம். ஸ்கூபா என்பது காற்றுக் குப்பியோடு கடலுக்கடியில் முக்குளிப்பது; அந்த அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். முக்குளித்த பின் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஹேவ்லாக்கில் முதல் அல்லது இரண்டாம் நாள் காலை சரி. பத்து வயதுக்குக் கீழே கடலில் ஸ்கூபா கிடையாது. ஆஸ்துமா, சளி, காது அடைப்பு இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள்.

15. முதலை இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். உவர்நீர் முதலைகள் அலையாத்திக் காடுகளிலும் ஓடை முகங்களிலும் வாழ்கின்றன. 2010-இல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய ஓரத்தில் ஸ்நார்க்கலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை, தடுப்பு வலை, உயிர்காப்போர் இருக்கும் பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஓடை கடலில் கலக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், ஆழமே இல்லாவிட்டாலும்.

16. ஜாலி பாயா, ரெட் ஸ்கின்னா? எதை புக் பண்றது?

தேர்வு உங்கள் கையில் இல்லை. 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் உள்ள இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஒரு பருவத்தில் திறப்பார்கள், மற்றதற்கு ஓய்வு. ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை ஜாலி பாய், மழைக்காலத்தில் அலை படாத ரெட் ஸ்கின். திங்கட்கிழமை விடுமுறை. படகு வண்டூர் ஜெட்டியிலிருந்து காலையில். முன்னதாகவே வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், ஆட்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

பிளாஸ்டிக்கை உள்ளே விடுவதில்லை. பைகளைச் சோதிப்பார்கள். பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கழிப்பறைத் தேவையைப் படகேறும் முன் வண்டூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நம் கருத்தில் பவளம் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கூட்டமான நார்த் பேயைவிட இதற்கே அந்த நாளைக் கொடுக்கலாம்.

17. பாராதாங் போனா ஜாரவா மக்களைப் பாக்கலாமாமே?

அதற்காகப் போகாதீர்கள். பாராதாங் போகும் சாலை ஜாரவா என்ற பழங்குடி மக்களின் வீட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து காவல்துறை வண்டிகள் முன்னும் பின்னும் வர, வாகனங்கள் வரிசையாகப் போகும். நிறுத்தவும், படம் எடுக்கவும், எதையும் கொடுக்கவும் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரியது. நமக்குச் சாதாரணமான தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் வெளியுலகத் தொடர்பு அதிகம் இல்லாத அவர்களை ஊரோடு வீழ்த்தக்கூடும். ‘ஜாரவாவைக் காட்டுகிறேன்’ என்று சொல்லும் ஓட்டுநரை அமர்த்தாதீர்கள்.

பாராதாங்கில் பார்க்க வேண்டியது படகுப் பயணம்தான். அலையாத்தி மரங்கள் இருபுறமும் கவிந்த ஓடைக்குள் அரை மணி நேரம் போய், இறங்கி நடந்தால் சுண்ணாம்புக் குகை. விடியலுக்கு முன் கிளம்பி மாலையில் திரும்பும் நாள் என்பதால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிரமம்.

18. கரையில ஒதுங்கின சங்கு, பவளத் துண்டு எடுத்துட்டு வரலாமா? செத்ததுதானே?

செத்ததானாலும் கூடாது. பவளமும் சில வகைச் சங்குகளும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விமான நிலையச் சோதனையில் பிடிபடும். வெற்றுக் கூடுகளில் துறவி நண்டுகள் குடியேறும், பவளத் துண்டுகள்தான் நாளைய மணல். பிள்ளைகள் பொறுக்கட்டும், வரிசையாக அடுக்கிப் படம் எடுக்கட்டும், கிளம்பும்போது அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற கடையில் சங்குப் பொருள் வாங்கினால் ரசீதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

19. அங்க தமிழ் பேசுவாங்களா? சாப்பாடு, பணம், டாக்டர்?

போர்ட் பிளேரில் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வெற்றிமலை முருகன் கோயிலே உண்டு, இட்லி தோசைக்குக் குறையில்லை. ஹேவ்லாக், நீலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். அங்கே சோறும் மீன் குழம்பும் பருப்பும் தாராளம். பொது மொழி இந்தி.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் ஹேவ்லாக்கிலும் இணையம் பரவாயில்லை. ஆனாலும் நடுக்கடலில் சிக்னல் இருக்காது. டிக்கெட்டுகளைப் படமாகச் சேமித்து, அச்சும் வைத்திருங்கள். நீலுக்குப் போகும் முன் ரொக்கம் எடுத்துவிடுங்கள். இரு தீவுகளிலும் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான், அதற்கும் படகு ஓட வேண்டும். தினசரி மருந்தை மூன்று நாள் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

20. ஹேவ்லாக்ல இருக்கோம், நாளைக்கு படகு கேன்சல்னு மெசேஜ். இப்ப என்ன பண்ணணும்?

முதலில் அறையை இன்னொரு இரவுக்கு உறுதி செய்யுங்கள். எல்லாரும் ஜெட்டிக்கு ஓடும்போது அறைகள் நிரம்பிவிடும். இரண்டாவது, ரத்து செய்தது நிறுவனமா துறைமுகமா என்று கேளுங்கள். இயந்திரக் கோளாறால் ஒரு நிறுவனம் நிறுத்தியிருந்தால் மற்ற படகுகள் ஓடும்; உடனே வேறு நிறுவனத்திலும், அரசு டிக்கெட் கவுன்டரிலும் இடம் தேடுங்கள். வானிலை காரணமாகத் துறைமுகமே தடை விதித்திருந்தால் எந்தப் படகும் கிடையாது. அந்த நேரத்தில் ‘நான் கொண்டுபோய் விடுகிறேன்’ என்று டுங்கிக்காரர் (சின்ன மோட்டார் படகுக்காரர்) யாராவது சொன்னால், எவ்வளவு அவசரமானாலும் ஏறாதீர்கள்.

மூன்றாவது, நீலில் உள்ள ஓட்டலுக்குத் தகவல் சொல்லி அந்த இரவை விட்டுக்கொடுங்கள். தடை நீங்கியதும் ஹேவ்லாக்கிலிருந்து நேரே போர்ட் பிளேருக்கு வருவதுதான் புத்திசாலித்தனம். ஏழு இரவுத் திட்டத்தில் கடைசி இரண்டைத் தள்ளி வைத்திருந்தவர்களுக்கு விமானம் தப்பாது. ரத்துச் செய்தியை அழிக்காதீர்கள், பணம் திரும்பப் பெற அது வேண்டும். ஹெலிகாப்டர் சேவையை நம்ப வேண்டாம். இடம் சொற்பம், நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும்தான் முன்னுரிமை.

21. நாங்களே ஒரு படகை வாடகைக்கு எடுத்து தீவு தீவா சுத்த முடியாதா?

நீங்களே ஓட்டும் படகு வாடகைக்குக் கிடையாது. மாலுமியோடு வாடகைக்குக் கிடைக்கும். மீன்பிடிச் சவாரிப் படகுகளும் முக்குளிப்புப் படகுகளும் ஒரு நாளைக்கு எடுக்கலாம். யார் யார் போகிறார்கள், எங்கே என்ற பட்டியலைக் கொடுத்துத் துறைமுக அனுமதி வாங்குவது படகுக்காரர் பொறுப்பு. உங்கள் அடையாள அட்டை நகலை அவர் கேட்கவில்லை என்றால் அனுமதி வாங்கப்போவதில்லை என்று பொருள். ஆளில்லாத தீவுகளில் இரவு தங்க முடியாது, பல தீவுகளில் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும்.

எரிமலைத் தீவான பேரன் ஐலேண்டை (Barren Island) இப்படிப் படகிலிருந்து பார்க்கலாம், இறங்க அனுமதி இல்லை. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் திறந்த கடல். எட்டாவது கேள்வியில் சொன்ன பையனை அழைத்துப் போகாதீர்கள்.

22. ரெண்டாவது தடவை போறோம். கூட்டமே இல்லாத இடம் சொல்லுங்க.

லாங் ஐலேண்ட். வாகனச் சத்தமில்லாத சின்ன ஊர். லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டுவழியாக நடந்தோ டுங்கியிலோ போகலாம். அரசுப் படகுதான் வழி. தங்குமிடம் மிகக் குறைவு என்பதால் அதை உறுதி செய்யாமல் கிளம்பக் கூடாது. இன்னும் வடக்கே திக்லிப்பூரில் ராஸ், ஸ்மித் என்ற இரு தீவுகளை மணல் திட்டு ஒன்று இணைக்கிறது (போர்ட் பிளேரின் ராஸ் வேறு, இது வேறு). கடல் வற்றினால் நடந்து கடக்கலாம், ஏறினால் திட்டு மறையும். பன்னிரண்டாவது பதிலில் உள்ள கணக்கு இங்கேயும் பொருந்தும். ஏரியல் பே ஜெட்டியிலிருந்து படகில் இருபது நிமிடம் ஆகும். அருகே காலிப்பூர் கடற்கரையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆமைகள் முட்டையிட வரும். வனத்துறை ஊழியர் துணையோடு, வெளிச்சம் அடிக்காமல் பார்க்க வேண்டும்.

திக்லிப்பூர் வரை சாலையில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும், ஜாரவா காப்பகத்தைக் கடந்தே போக வேண்டும். கடல் வழியாகப் போர்ட் பிளேரிலிருந்து ஏரியல் பே வரை அரசுக் கப்பல் விடுகிறார்கள். அதன் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே ஃபீனிக்ஸ் பே கவுன்டரில் விசாரித்து, அதற்கேற்ப மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்துக்குப் பத்து நாளாவது வேண்டும்.